எண்களால் ஆன டொமைன் பெயருக்கு விலை எங்கிருந்து வருகிறது?

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சீனாவின் கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான சீஹூ 360, வோடஃபோனிடமிருந்து 360.காம் என்ற டொமைன் பெயரை, அதாவது இணையதள முகவரியாகப் பயன்படும் பெயரை, 1.7 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. கைமாறியது மூன்று இலக்கங்களும் ஒரு பின்னொட்டும் மட்டுமே. அதே டாட் காம் பின்னொட்டில், வேறெவரும் எடுத்திராத எட்டு இலக்க எண் ஒன்றை இன்றும் எவரும் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் செலவில் தம் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். இணையத்தின் பதிவேட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே தரத்துப் பதிவுகள்தாம். கணினி இரண்டையும் ஒரே முறையில்தான் தேடி எடுக்கிறது. ஆகவே இந்த விலை வேறுபாட்டுக்கான காரணத்தை இயந்திரத்துக்குள் தேடிப் பயனில்லை. எண்ணிக்கைக் கணக்கிலும், அந்த எண்ணை வாயால் சொல்லும் மக்களின் மொழியிலும்தான் தேட வேண்டும்.

முதலில் விதிகளைப் பார்த்துவிடலாம். ஒரு டொமைன் பெயரில் எழுத்து, இலக்கம், இடைக்கோடு ஆகியவை வரலாம். புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 குறிகளைத் தாண்டக்கூடாது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளைச் சொல்லும் ஆர்.எஃப்.சி. வரிசையில் 1985இல் வெளியான 952ஆம் ஆவணம், பெயரின் முதல் குறி எழுத்தாகவே இருக்க வேண்டும் என்று வகுத்திருந்தது. ஆனால் 3காம் என்ற வலைப்பின்னல் கருவி நிறுவனம், இலக்கத்தில் தொடங்கும் தன் பெயரை 1986 டிசம்பரிலேயே பதிவு செய்துவிட்டது. 1989 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1123, முதல் குறி இலக்கமாகவும் இருக்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. இருப்பினும் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதி வெறும் இலக்கங்களாக இருக்க இன்றுவரை அனுமதி இல்லை. இதற்குத் தெளிவான காரணம் உண்டு. இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் 192.0.2.1 போன்ற ஐ.பி. முகவரிகள் முழுக்க இலக்கங்களால் ஆனவை. பெயரின் இறுதிப் பகுதியும் இலக்கமாகிவிட்டால், கையிலிருப்பது பெயரா முகவரியா என்று மென்பொருளால் பிரித்தறிய முடியாது.

இந்தக் குழப்பத்தை நேரிலேயே பார்க்கலாம். உலாவியில் எச்.டி.டி.பி. என்ற முன்னொட்டுடன் 2130706433 என்று மட்டும் இட்டால், அது அதைப் பெயராகக் கொள்ளாமல் 127.0.0.1 என்ற முகவரியாக, அதாவது உங்கள் கணினியாகவே எடுத்துக்கொள்ளும். 127ஐ 256ஆல் மூன்று முறை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் எண் அது. எனவே எண் பெயர் எதுவும் தனித்து நிற்க முடியாது. எழுத்தாலான ஒரு பின்னொட்டைப் பற்றிக்கொண்டுதான் ஆக வேண்டும். அதன் மதிப்பில் பெரும்பங்கை அந்தப் பின்னொட்டே தீர்மானிக்கிறது.

அடுத்தது கணக்கு. ஓரிலக்க டாட் காம் பெயர்கள் விற்பனையில் இல்லை. பதிவாகாமல் எஞ்சியிருந்த ஒற்றைக் குறிப் பெயர்களை 1993இன் இறுதியில் பொதுப் பதிவிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஆக, இரண்டு இலக்கத்தில் 100, மூன்றில் 1,000, நான்கில் 10,000, ஐந்தில் 1,00,000 பெயர்கள் மட்டுமே இருக்க முடியும். தட்டுப்பாடு என்று வணிகர்கள் சொல்லும்போது பெரும்பாலும் அது ஒரு மதிப்பீடுதான். இங்கோ அது துல்லியமான, எவராலும் கூட்டவோ குறைக்கவோ முடியாத எண்ணிக்கை. ஓர் இலக்கம் கூடும்போது கையிருப்பு பத்து மடங்காகிறது. விலை அதற்கேற்பச் சரிகிறது. ஒரே நீளத்துக்குள்ளும் படிநிலைகள் உண்டு. நான்கிலக்கப் பத்தாயிரத்தில் 7777 போல நான்கும் ஒன்றாக அமைபவை பத்து மட்டுமே. 7788 போல இரட்டை இரட்டையாக அமைபவை 90. நினைவில் வைக்க எளிதான ஒழுங்கு எதுவோ, அதுவே எண்ணிக்கையிலும் அரிது என்பதால், இவற்றுக்கு விலை இரு வழியிலும் ஏறுகிறது.

அரிதாக இருப்பதாலேயே ஒன்றை வாங்க ஆள் வந்துவிடாது. தேவை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை சீனாவில் இருக்கிறது. சீன எழுத்தில் எழுதிய பெயர்களை டொமைன் அமைப்பு நெடுங்காலம் ஏற்கவில்லை. அந்தப் பெயர்களை ரோமன் எழுத்தில் பெயர்த்தால் நீளமாகும். தொனி மறைந்துவிடுவதால் ஒரே அசை பல சொற்களைக் குறிக்கும். இலக்கங்களில் இந்தச் சிக்கல் இல்லை: படித்தவர், படிக்காதவர், கிராமத்தார், நகரத்தார் அனைவருக்கும் அவை பழக்கம். 1990களில் தொலைபேசி வழியே இணையத்தில் சேர 163 என்ற எண்ணை அழைத்தவர்களுக்கு, நெட்ஈஸ் என்ற இணைய நிறுவனத்தின் 163.காம் ஏற்கெனவே மனப்பாடமாகியிருந்தது. ரயில் பயணச்சீட்டு எடுக்கும் அரசுத் தளத்தின் பெயரான 12306, ரயில்வேயின் சேவைத் தொலைபேசி எண்ணேதான். நம் ஊரில் "நூத்தியெட்டுக்குப் போன் போடு" என்றால் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்வது என்று சிறு பிள்ளைக்கும் புரிவதைப் போல, அங்கே பல எண்கள் சொற்களாகவே புழங்குகின்றன.

இதைவிட ஆழமானது ஒலி ஒற்றுமை. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் 5 என்பதன் உச்சரிப்பான "வூ", நான் என்று பொருள்படும் "வோ"வை ஒத்திருக்கிறது. எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லும்போது 1ஐ "யாவ்" என்பார்கள். வேண்டும் என்ற சொல்லும் ஏறத்தாழ அதே ஒலி. ஆகவே 51 என்றால் எனக்கு வேண்டும் என்று காதில் விழுகிறது. வேலைவாய்ப்புத் தளமான 51ஜாப் அந்தப் பெயரை எடுத்ததன் பொருள் இதுதான். அலிபாபாவின் மொத்த வணிகத் தளமான 1688.காமை "யாவ்-லியு-பா-பா" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நிறுவனத்தின் பெயரே கேட்கும். 520 "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்பதன் சாயலில் ஒலிப்பதால் மே 20 அங்கே காதலர் நாளாகவே கொண்டாடப்படுகிறது. 8 செழிப்பையும் 9 நெடுநாள் நிலைப்பதையும் நினைவூட்டுகின்றன. பெய்ஜிங் ஒலிம்பிக்கின் தொடக்க விழா 2008 ஆகஸ்ட் 8 அன்று இரவு 8 மணிக்கு வைக்கப்பட்டது. 4 மரணத்தை ஒத்து ஒலிக்கிறது.

இந்த நம்பிக்கை விலைப்பட்டியலில் அப்படியே இறங்குகிறது. 4 உள்ள பெயர்கள் மலிவு. 0 உள்ளவை, குறிப்பாக அதில் தொடங்குபவை, அதே நிலையில் உள்ளன. இவ்விரண்டும் இல்லாத பெயர்கள் மூன்றிலக்கத்தில் 512, நான்கிலக்கத்தில் 4,096, ஐந்திலக்கத்தில் 32,768 என்று சுருங்குகின்றன. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது தவறு என்பது என் கருத்து. நூறு கோடிப் பேர் ஒரே விதமாகக் கேட்கும் ஓர் ஒலி, வாடிக்கையாளர் ஒரு பெயரை மறக்காமலிருக்கும் வாய்ப்பை உண்மையிலேயே மாற்றுகிறது. விலை கொடுப்பவர் அந்த நினைவுக்குத்தான் கொடுக்கிறார்.

ஆங்கிலச் சொற்களோடு இலக்கம் கலக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. 2, 4 ஆகியவற்றை வானொலியில் சொன்னால், கேட்பவர் இலக்கமாக எழுதுவாரா, அதே ஒலியுள்ள சொல்லாக எழுதுவாரா என்று உறுதி சொல்ல முடியாது. 0 என்ற இலக்கமும் ஓ என்ற எழுத்தும், 1 என்ற இலக்கமும் சிறிய எல் எழுத்தும் கண்ணை ஏமாற்றுவதால், வங்கித் தளங்களைப் போல வேடமிடும் மோசடிக்காரர்களுக்கு இத்தகைய பெயர்கள் வாகானவை. அதனால் கலப்புப் பெயர்களுக்கு மறுவிற்பனையில் மதிப்புக் குறைவு. இலக்கத்துக்குப் பொருள் இருந்தால் மட்டும் விதிவிலக்கு: மனித உயிரணுவிலுள்ள 23 இணைக் குரோமோசோம்களைச் சுட்டும் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தின் பெயர் அதற்கு நல்ல சான்று.

2015இன் பிற்பகுதியில் சீன முதலீட்டாளர்கள் குறுகிய எண் பெயர்களைக் குவிக்கத் தொடங்கினார்கள். இணையதளம் நடத்தும் எண்ணம் அவர்களில் பலருக்கு இல்லை. ஒரே நீளமும் ஒரே தரமும் உள்ள எண் பெயர்கள் ஒன்றுக்கொன்று ஈடாக மாற்றிக்கொள்ளத்தக்கவை என்பதால், பங்குகளைப் போல அவற்றை விலை பேச முடிந்தது. 2016இல் வேகம் தணிந்து விலைகள் இறங்கியபோது அதிகம் அடிபட்டவை நீளமான எண்களும் புதிய பின்னொட்டுகளில் இருந்த எண்களும்தான். அவற்றுக்குப் பின்னால் உண்மையாகப் பயன்படுத்த விரும்பும் நிறுவனங்கள் மிகக் குறைவு.

2017இல் டாட் எக்ஸ்.ஒய்.இசட். பின்னொட்டை நடத்தும் நிறுவனம், ஆறு முதல் ஒன்பது இலக்கம் வரையிலான எண் பெயர்களை ஆண்டுக்கு 99 சென்ட் விலையில் திறந்துவிட்டது. மொத்தம் 111.1 கோடிப் பெயர்கள். பிறந்த தேதியையோ ஒரு கருவியின் அடையாள எண்ணையோ முகவரியாக்கிக்கொள்ள விரும்புபவருக்கு அவை நன்றாகவே உதவும். மறுவிற்பனைக்காக வாங்கியவரின் கையிலோ அவை தங்கிவிடும், ஏனெனில் ஒழுங்கில் சற்றே வேறுபட்ட அடுத்த எண் அதே 99 சென்டுக்குக் கிடைக்கும்போது கூடுதலாகத் தர எவருக்கும் காரணம் இல்லை.