பேட்டரி: மின்கலமா, மின்கல அடுக்கா, சேமக்கலமா?

மின்இணைப்பு இல்லாத இடத்தில் கேரவனை நிறுத்தித் தங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, சோலார் நல்லதா, ஜெனரேட்டர் நல்லதா என்றுதான். இரண்டுமே கடைசியில் ஒரு பெட்டிக்குள்தான் மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அந்தப் பெட்டியின் பெயரைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பேட்டரி என்பது பிரெஞ்சு மொழியின் 'பத்ரி'. அடித்தல் என்ற வினையில் பிறந்தது. அடிப்பது, பிறகு அடிக்கும் பீரங்கிகள், பிறகு பீரங்கி வரிசை என்று பொருள் நகர்ந்தது. 1749-இல் பெஞ்சமின் பிராங்க்ளின், ஈயத் தகடு பொருத்திய 11 கண்ணாடிப் பலகைகளை வரிசையாக இணைத்து அதற்கு மின் பேட்டரி என்று பெயரிட்டார். ஆக, அந்தச் சொல்லில் இருப்பது 'வரிசை' மட்டுமே. சேமிப்பு அதில் இல்லை.

தமிழில் மின்கலம் என்றால் ஒற்றைக் கலம். பல கலங்கள் சேர்ந்தால் மின்கல அடுக்கு. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்குள் 2 வோல்ட் கலங்கள் 6 இருப்பதால் அதை மின்கலம் என்பது பிழை. 'அடுக்கு' எனக்கு மிகவும் பிடித்த சொல். 1800-இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா உலோக வில்லைகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் தொடர்ந்து பாயும் மின்சாரத்தைப் பெற்றார். பீரங்கியை விட அடுக்கே உண்மைக்கு நெருக்கம்.

ஆனால் கேரவனுக்கு இதுவும் போதாது. அங்கே வேண்டியது மீண்டும் மீண்டும் நிரப்பக்கூடிய கலம். 1859-இல் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய-அமிலக் கலம் அந்த வகை. அதற்குச் சேமக்கலம் என்பதே பொருத்தம் என்பேன். அடித்து ஒலியெழுப்பும் சேகண்டிக்கும் அந்தப் பெயர் உண்டு. இடம் பார்த்தால் பொருள் விளங்கிவிடும்.

சேமம் வடமொழி 'க்ஷேம'த்தின் உறவுச் சொல். என்றாலும் சங்கப் பாட்டிலேயே அது வண்டியோடு சேர்ந்து வருகிறது. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர்களான உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் 'சேம அச்சு' பற்றிச் சொல்கிறார். எருதுகள் இளையவை, பாரமோ பெரிது, பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன நேருமோ, யார் அறிவார்? அதற்காக ஓர் அச்சு கூடுதலாக. கேரவன் என்ற பாரசீகச் சொல்லும் முதலில் வணிகக் கூட்டத்தையே குறித்தது. தமிழில் அதற்குச் சாத்து என்று பெயர். உமணர் சாத்தின் சேம அச்சு செய்த வேலையைத்தான் இன்று சேமக்கலம் செய்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். விளக்கு, தண்ணீர் பம்பு, சிறிய கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து நாளுக்கு 500 வாட்-மணி, அதாவது 500 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடும் அளவு, செலவு என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலச் சேமக்கலத்தில் இருப்பது 1200 வாட்-மணி. அதில் பாதிக்குமேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். எனவே ஒரு நாள்தான். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் சேமக்கலம் என்றால் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம், இரண்டு நாள் தாங்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. 1000 வாட் ஹீட்டரை இவற்றில் ஓட்ட நினைக்கவே வேண்டாம்.

நிரப்பும் வழிகளில் சோலாருக்கே என் முதல் ஓட்டு. சத்தமில்லை, எரிபொருள் இல்லை. ஆனால் 100 வாட் தகடு நாள் முழுக்க 100 வாட் தராது. கூரையில் படுத்த நிலையில், நல்ல கோடை நாளில் 300 முதல் 400 வாட்-மணி வரலாம். தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகச் சரியும். தினமும் இடம் மாறுகிறவர்களுக்கு எஞ்சின் ஓடும்போது மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேட்டர் நல்ல துணை: அந்த மின்சாரத்தைச் சேமக்கலத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் இருந்தால் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 400 வாட்-மணி சேரும். கயிறு போல நீண்ட மெல்லிய கேபிள் வோல்ட்டைத் தின்றுவிடும் என்பதால் சார்ஜரைச் சேமக்கலத்தின் அருகிலேயே பொருத்த வேண்டும்.

ஜெனரேட்டர் வானிலையைப் பார்க்காது. ஆனால் ஈய-அமிலச் சேமக்கலம் கடைசி 20 விழுக்காட்டை மெதுவாகவே வாங்கும். அதற்காக மணிக்கணக்கில் இரைச்சலைக் கேட்க வேண்டும். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது; கேரவனுக்குள்ளோ சன்னலோரமோ ஒருபோதும் ஓட்டக்கூடாது.

மெத்தனாலில் இயங்கும் எரிபொருள் கலம் இரவும் பகலும் அமைதியாகச் சிறுகச் சிறுக மின்சாரம் தரும். எரிபொருள்தான் விலை அதிகம். பெயரில் கலம் இருந்தாலும் அது எதையும் சேமிப்பதில்லை, ஆக்குகிறது. அதுவும் ஒரு சேமக்கலத்தில்தான் கொண்டுபோய் ஊற்றியாக வேண்டும்.

பேச்சில் பேட்டரி என்றே சொல்லுங்கள், எல்லோருக்கும் விளங்கும். எழுதும்போது ஒற்றைக்கு மின்கலம், தொகுப்புக்கு மின்கல அடுக்கு, நிரப்பிப் பயன்படுத்துவதற்குச் சேமக்கலம்.