மஸ்டர்: தேயிலைக் காட்டிலும் கடல்மேடையிலும்

கோத்தகிரிப் பக்கம் பிறந்தவர்களுக்கு ‘மஸ்டர்’ என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. விடிந்ததும் பனிக்குள் கம்பளியும் கூடையுமாகத் தொழிலாளர்கள் வந்து நிற்கும் இடம் மஸ்டர். அங்கே பெயர் கூப்பிடுவதும் மஸ்டர். அந்தப் பெயர்களை எழுதும் புத்தகமும் மஸ்டர்தான். “மஸ்டருக்குப் போனாயா?” என்று கேட்டால், இன்றைக்கு வேலைக்குப் போனாயா என்று பொருள். என் அம்மா முப்பது ஆண்டுக்கு மேல் அந்த வரிசையில் நின்றவர்.

போன மாதம் அக்கா மகன் விடுப்பில் வந்திருந்தான். மும்பைக்கு மேற்கே கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் மேடை ஒன்றில் வேலை செய்கிறான். பேச்சுவாக்கில், “மாமா, அங்கேயும் மஸ்டர்தான். கேஸ் கசிந்து சைரன் ஒலித்தால் உடனே மஸ்டர் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும்” என்றான். மறுநொடியே, “ஓடக் கூடாது, வேகமாக நடக்க வேண்டும்” என்று திருத்திக்கொண்டான். ஒரே சொல் இரண்டு இடத்திலும் எப்படி வந்தது என்று அன்றிரவே தேட ஆரம்பித்தேன்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் மூலம் லத்தீனின் ‘மோன்ஸ்த்ராரே’, அதாவது ‘காட்டுதல்’. அதற்கும் அடியில் இருப்பது ‘மொனேரே’, அதாவது ‘எச்சரித்தல்’. வகுப்பில் நாம் வைத்திருந்த ‘மானிட்டர்’ இதே வேரில் பிறந்தவர். படைவீரர்களை வரிசையாக நிறுத்தி ஆளையும் ஆயுதத்தையும் அதிகாரியிடம் காட்டச் சொன்னதுதான் முதல் மஸ்டர். தலைக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுத்த காலம் அது. இல்லாத வீரர்களின் பெயரை எழுதிப் பணம் எடுத்த தளபதிகள் இருந்தார்கள். அதனால் ஒவ்வொருவரும் நேரில் வந்து முகம் காட்ட வேண்டியிருந்தது. படையிலிருந்து கப்பலுக்கும், வெள்ளைக்காரத் துரைகளோடு மலைத்தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது இந்தச் சொல்.

நீலகிரியில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்து கோத்தகிரி, கூடலூர் பக்கம் குடியேறிய குடும்பங்களில் பெரியவர்கள் ‘பெரட்டு’ என்பார்கள். பெயர் கூப்பிடும் இடம் ‘பெரட்டுக்களம்’. இது ‘பரேடு’ என்பதன் தமிழ் வடிவம். அரைநாள் கூலி பதிந்தால் ‘அரைப்பேர்’ என்பார்கள். ஒரு மனிதனின் ஒருநாள் உழைப்பையே ‘பேர்’ என்ற சொல்லால் அளந்தவர்கள் அவர்கள். மஸ்டருக்குத் தமிழ்ச் சொல்லைத் தேடுகிறவர்கள் இந்தப் ‘பேர்’ என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிக் கடலுக்குப் போவோம். நம் வீட்டு சிலிண்டரில் வரும் நாற்றம் சேர்க்கப்பட்டது. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனுக்கு மணமே கிடையாது. ஆகவே மேடையில் மூக்கை நம்ப முடியாது, கருவியைத்தான் நம்ப வேண்டும். காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால்தான் தீப்பற்றும். அந்த 5-இல் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 1 விழுக்காட்டை எட்டும்போதே கருவி கூவும்படி வைப்பது வழக்கம். அளவு கூடினால் குழாய்களின் அடைப்பிதழ்கள் (வால்வுகள்) தாமே மூடிக்கொள்ளும். குழாய்களுக்குள் சிக்கிய வாயுவைத் தொலைவில் எரியும் சுடர்க்கோபுரத்துக்குத் திருப்பி அழுத்தத்தை இறக்குவார்கள். வெல்டிங் உட்பட, தீப்பொறி வரக்கூடிய எல்லா வேலையும் நிற்கும்.

அதே நேரத்தில் மனிதர்கள் மஸ்டர் இடத்துக்கு நடக்கிறார்கள். காற்றின் திசையைக் காட்டும் துணிப்பையைப் பார்த்து, வாயு வரும் திசையை விலக்கி நடக்க வேண்டும். அங்கே சுவரில் ஒரு பலகை. அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் ஓர் அட்டை. வந்தவர் தன் அட்டையைத் திருப்பிச் செருக வேண்டும். அக்கா மகன் தேயிலைத்தூள் பாக்கெட்டின் அட்டையைக் கத்தரித்து, பெயர் எழுதி, எனக்குச் செய்து காட்டினான். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. “எல்லாம் சிவப்பானால் நிம்மதி. ஒரே ஒரு வெள்ளை மிச்சம் இருந்தால் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்போம், மாமா” என்றான். பொறுப்பாளர் எண்ணிக்கையைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வார். மேடையில் இருக்க வேண்டிய மொத்தப் பேரோடு அது ஒத்துப்போகாவிட்டால் யார் குறைகிறார் என்பது பெயரோடு தெரியும். பிறகுதான் மூச்சுக்கருவி அணிந்த குழு தேடப் போகும். படகில் ஏறுவதா, காத்திருப்பதா என்று மேடைத் தலைவர் முடிவெடுப்பார்.

கூடிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். வடகடலின் பைப்பர் ஆல்ஃபா மேடையில் 1988 ஜூலை 6 இரவு நடந்ததை நினைத்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. ஒரு பம்போடு சேர்ந்த, பழுதுபார்க்கக் கழற்றிய பாதுகாப்பு அடைப்பிதழின் இடத்தைத் தற்காலிக மூடியால் மூடியிருந்தார்கள். அது இரவு முறைக்காரர்களுக்குத் தெரியாது. அந்தப் பம்பை ஓட்டினார்கள், வாயு கசிந்து வெடித்தது. பலர் விதிப்படி குடியிருப்புப் பகுதியில் கூடி ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்தார்கள். அது வரவே முடியவில்லை. அடுத்து என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை. புகை உள்ளே வந்தது. மீட்கப் போன இருவரையும் சேர்த்து 167 பேர் இறந்தார்கள். 61 பேர் தப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூடிய இடத்தில் நில்லாமல் கடலில் இறங்கியவர்கள். 1990-இல் வெளிவந்த கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 106 பரிந்துரைகளைச் சொன்னது. தீயும் புகையும் குறிப்பிட்ட நேரம் நுழைய முடியாத புகலிடம் வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. நம் பக்கத்திலும் 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை நார்த் மேடையின் எரிவாயுக் குழாயில் கப்பல் மோதித் தீப்பிடித்தது. 22 பேர் மாண்டார்கள், 362 பேர் மீட்கப்பட்டார்கள்.

தமிழில் இப்போது எழுதப்படும் பாதுகாப்புப் பலகைகளில் ‘கூடுமிடம்’ என்றோ ‘ஒன்றுகூடும் இடம்’ என்றோ போடுகிறார்கள். நல்ல, எளிய சொற்கள். ஆனால் கூடுவது பாதி வேலைதான். கல்யாணத்துக்கும் கூடுகிறோம், யார் வரவில்லை என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை. ‘வருகைப் பதிவு’ என்றால் பள்ளிக்கூட வாசனை வருகிறது, அவசரம் தெரியவில்லை. நீதிமன்றத்தின் ‘ஆஜர்’ என்பதில் நேரில் வந்து தன்னைக் காட்டும் பொருள் அப்படியே இருக்கிறது. அதுவும் கடன் சொல்தான், ‘முன்னிலையாதல்’ என்பது அதற்கு நல்ல தமிழ். எனினும் அது ஒற்றை ஆளுக்குப் பொருந்துகிறது, கூட்டத்துக்குப் பொருந்தவில்லை.

நான் ‘ஆள்கணக்கு’ என்பதையே எழுதுவேன். இடத்துக்கு ‘ஆள்கணக்கு இடம்’, செயலுக்கு ‘பேர் கொடுத்தல்’. இதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பள்ளியில் படித்த காலத்தில், ஓர் ஐப்பசி இரவில், எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, மேலே மண் சரிந்தது. அடைமழை, மின்சாரமும் இல்லை. எல்லோரும் மஸ்டர் கொட்டகைக்கு வந்துவிட்டோம். வந்துவிட்டோம் என்பதிலேயே மனம் ஆறிவிட்டது. மேஸ்திரி மட்டும் ஆறவில்லை. டார்ச் வெளிச்சத்தில் புத்தகத்தைத் திறந்து, வழக்கமான காலைக் குரலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். காய்ச்சலில் கடைசி வீட்டில் தனியாகப் படுத்திருந்த அக்கா அவர். இரண்டு பேர் போய் அவரைக் கம்பளியோடு தூக்கி வந்தார்கள். அதுவரை அந்தக் கூட்டத்தில் நின்ற எங்களில் ஒருவருக்கும் அவர் இல்லை என்பது தெரியாது.

சொல்லை எழுத்தில் ஆள்வது இப்படி: ‘எரிவாயுக் கசிவு எச்சரிக்கை ஒலித்ததும் அனைவரும் ஆள்கணக்கு இடத்துக்கு வந்து பேர் கொடுக்க வேண்டும். ஆள்கணக்கு நிறைவாகும் வரை யாரும் அங்கிருந்து நகரக் கூடாது. படகேற ஆணை வந்தால் மட்டும் நகரலாம்.’ அக்கா மகனிடம் இதைப் படித்துக் காட்டினேன். நாகப்பட்டினத்திலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் புதிதாக வரும் பையன்களுக்கு இப்படியே சொல்லிப் பார்ப்பதாகச் சொல்லி, அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனான்.