லாரா தாவும் தூரமே அளவுகோல்

இங்கிலாந்தின் டெர்பி நகரத்து கோர் டிசைன் நிறுவனம் உருவாக்கிய 'டூம் ரெய்டர்' என்ற வீடியோ கேம் 1996-இல் வெளிவந்தது. நாயகி லாரா கிராஃப்ட் பெரு நாட்டுக் குகையில் இறங்கி, இன்காக்களின் வில்கபாம்பா, கிரேக்கம், எகிப்து என்று சுற்றி, அட்லாண்டிஸில் போய் நிற்பாள். பாசி படிந்த சுவர், இடிந்த பாலம், எட்டாத உயரத்தில் ஒரு விளிம்பு என எல்லாம் காலம் தாறுமாறாகச் சிதைத்துப் போட்டவைபோலவே தெரியும். ஆனால் இந்த இடிபாட்டில் கணக்குக்கு மீறிய கல் ஒன்றுகூடக் கிடையாது.

கட்டம் போட்ட நோட்டுப்போல, தரை முழுவதும் ஒரே அளவுச் சதுரங்கள். சதுரத்தின் ஒவ்வொரு பக்கமும் கேமின் கணக்கில் 1024 அலகு. உயரம் 256 அலகுப் படிகளாகக் கூடும், குறையும். லாராவின் உடம்பும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டது. நின்றபடி தாவினால் ஒரு கட்டப் பள்ளத்தைக் கடப்பாள். ஓடித் தாவினால் இரண்டு. ஓடித் தாவி எதிர் விளிம்பைக் கையால் பற்றினால் மூன்று. பள்ளம் நான்கு கட்டம் என்றால் வழி வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

இதனால் பழகியவர்கள் பள்ளத்தைப் பார்த்ததுமே கட்டங்களை எண்ணிவிடுவார்கள். விளிம்புவரை நடந்துபோய் (நடக்கும் பொத்தானை விடாமல் பிடித்திருந்தால் விழமாட்டாள்) ஒருமுறை பின்னால் துள்ளினால், ஓடித் தாவத் தேவையான இடம் கச்சிதமாகக் கிடைக்கும். தாவும் பொத்தானைக் கொஞ்சம் முன்னதாக அழுத்தினாலும் பரவாயில்லை. கால் சரியான நிலைக்கு வந்த பிறகுதான் கேம் அவளைக் கிளப்பும். இன்று புதிதாக ஆடுபவர்களுக்கு இந்தத் தாமதம் எரிச்சலூட்டும். எனக்கோ அதுதான் பிடித்த அம்சம். விரல் வேகத்துக்கு இங்கே மதிப்பில்லை, யோசித்துக் காலெடுத்து வைப்பவருக்கே வழி திறக்கும்.

பொறிகளும் கட்டத்தில்தான் குடியிருக்கின்றன. தரை எந்த உயரம், கூரை எந்த உயரம், மிதித்தால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு சதுரத்துக்கும் தனித் தகவல் உண்டு. இருட்டில் பதுங்கியிருப்பதாக நாம் பயப்படும் ஓநாய், லாரா குறிப்பிட்ட சதுரத்தில் கால்வைக்கும்வரை இயங்கவே இயங்காது.

சுமார் 34 மெகாஹெர்ட்ஸ் வேகப் பிராசஸர் கொண்ட முதல் பிளேஸ்டேஷன் கேம் கருவியில் இவ்வளவு பெரிய நகரம் எப்படி ஓடியது? நகரத்தை அறை அறையாகப் பிரித்தார்கள். திறந்தவெளிப் பள்ளத்தாக்குகூடக் கேமைப் பொறுத்தவரை அறைதான். அறைகளை இணைக்கும் திறப்புக்குப் போர்ட்டல் என்று பெயர். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், கேமரா இருக்கும் அறையிலிருந்து கேம் தொடங்கும். எந்தப் போர்ட்டல் திரைக்குள் தெரிகிறதோ அதற்கப்பால் உள்ள அறையையும் வரையும், அங்கிருந்து அடுத்த போர்ட்டலைத் தேடும். சுவருக்குப் பின்னால் மறைந்த மாளிகைக்குப் பிராசஸர் வேலையே செய்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் தண்ணீரில் இருக்கிறது. நெம்புகோலை இழுத்தால் பெரிய நீர்த்தொட்டி நிரம்பும் அல்லவா? நீரோட்டத்தைக் கணக்கிடும் இயற்பியல் எதுவும் உள்ளே இல்லை. வறண்டது ஒன்று, நிரம்பியது ஒன்று என ஒரே அறைக்கு இரண்டு வடிவங்கள் முன்பே தயார். இழுத்த கணத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் பொருத்திவிடுவார்கள்.

2000-இல் டூம் ரெய்டர் தொடரின் லெவல் எடிட்டர், அதாவது கேமின் களங்களைக் கட்டும் மென்பொருள், பொதுமக்கள் கைக்கும் வந்தது. அதில் ரசிகர்கள் இன்றும் புதிய பாழ்நகரங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதே சதுரங்களை வைத்து.