நோயாளிக்கு மட்டுமே கேட்கும் ஒலிக்கு மருந்து தேடுவது எப்படி?

ஒலி புகாத சிறிய அறை. தலையில் ஹெட்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் செவிப் பரிசோதகர் ஒவ்வொரு ஒலியாகப் போட்டு, "உங்கள் காதில் கேட்பது இதுபோலவா, இதைவிடக் கீச்சென்று இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே போகிறார். சுருதி பிடிபட்டதும் ஒலியைக் கூட்டிக் குறைத்து, இரண்டும் சமமாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துகிறார். காது இரைச்சலோடு வருகிறவர்களில் பலருக்கு அந்த அளவு, அவர்களால் கேட்க முடிந்த மிகச்சிறு ஒலியைவிட 5 முதல் 10 டெசிபல்தான் அதிகமாக இருக்கும். மிக மெல்லிய ஒலி. ஆனால் நோயாளியோ ஆறு மாதமாகத் தூக்கமே இல்லை என்கிறார்.

பொய் சொல்லவில்லை அவர். கருவி காட்டும் அளவும் மனிதர் படும் பாடும் ஒத்துப்போகாத நோய் இது. அதற்கு மருந்து கண்டுபிடிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வதும் இந்த இடத்தில்தான்.

ஆங்கில மருத்துவத்தில் டின்னிடஸ், ஆயுர்வேதத்தில் கர்ணநாதம், வீட்டில் "காதுக்குள் சில்வண்டு கத்துகிறது". பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான கணக்கின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு, அதாவது 74 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் 12 கோடி.

ஒலி எங்கிருந்து வருகிறது? காதிலிருந்து என்றுதான் தோன்றும். ஆனால் கட்டியை அகற்றும்போது செவி நரம்பையே வெட்ட நேர்ந்த நோயாளிகள் பலருக்கு, அந்தக் காது முற்றிலும் செவிடான பிறகும் இரைச்சல் நிற்கவில்லை. துண்டிக்கப்பட்ட காலில் வலி தெரிவதுபோல, ஒலி வராத காதில் ஒலி கேட்கிறது. உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் காக்லியாவில் சுமார் 15,000 ரோமச் செல்கள் இருக்கின்றன. வயதாலோ பேரிரைச்சலாலோ அவை செத்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. அங்கிருந்து வரும் செய்தி குறையும்போது, மூளை தன் பக்கத்து வால்யூமைத் திருகி ஏற்றுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பழைய ரேடியோவில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது வால்யூமைக் கூட்டினால், பாட்டோடு கரகரப்பும் சேர்ந்து ஏறுமே, அதுபோல.

இதை எளிமையாகச் சோதித்துப் பார்த்தார்கள் பிரிட்டன் ஆய்வாளர்கள். செவிக் குறைபாடு இல்லாத 18 பேர், ஒரே ஒரு காதில் ஏழு நாள் அடைப்பானை வைத்துக்கொண்டார்கள். 14 பேருக்கு இல்லாத ஒலிகள் கேட்கத் தொடங்கின. வார முடிவில் 11 பேருக்கு அது நிலைத்தே விட்டது. அடைப்பானை எடுத்ததும் போய்விட்டது. 2012இல் வெளியான சிறிய ஆய்வு. ஆனால் பெரிய ஆய்வுகள் பலவற்றைவிட எனக்கு இது தெளிவு தந்தது. (காதுக் குரும்பை அடைத்துக்கொண்டு இரைச்சல் வந்தவர்களுக்குச் சுத்தம் செய்ததும் சரியாகிவிடுவது இதனால்தான். அவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.)

சரி, அடைப்பான் போல எடுத்துவிட முடியாதவர்களுக்கு என்ன மருந்து? மருந்தைத் தேடுவதற்கு முன், அது வேலை செய்கிறதா என்று அறிய ஓர் அளவுகோல் வேண்டும். சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இங்கே இருப்பது வினாத்தாள். 1996இல் உருவாகிப் பரவலாகப் புழங்கும் ஒன்றில் 25 கேள்விகள்: கவனம் சிதறுகிறதா, இரவில் தூங்க முடியவில்லையா, எரிச்சல் வருகிறதா என்ற வகை. "ஆம்" என்றால் 4, "சில நேரம்" என்றால் 2, "இல்லை" என்றால் 0. மொத்தம் 100. ஏழு புள்ளி இறங்கினாலே முன்னேற்றம் என்று பல ஆய்வுகள் எடுத்துக்கொள்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டே கேள்விகளில் "ஆம்" என்பது "இல்லை" ஆனால் எட்டுப் புள்ளி. நல்ல மனநிலையில் ஒரு நாள் வந்து நிரப்பினாலே நடந்துவிடக்கூடிய மாற்றம். போதாக்குறைக்கு, மக்கள் ஆய்வில் சேர்வதே இரைச்சல் உச்சத்தில் இருக்கும் நாட்களில். உச்சத்திலிருந்து தானாகவே கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எனவே மருந்துப்போலி, அதாவது மருந்தே இல்லாத போலிச் சிகிச்சை, பெற்ற குழுவோடு ஒப்பிடாத எந்த வெற்றிச் செய்தியையும் நான் பாதிதான் நம்புவேன்.

ஒப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜிங்கோ பைலோபா நல்ல சான்று. இன்றும் கடைகளில் கிடைக்கும் இலைச்சாற்று மாத்திரை அது. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஜிங்கோ, மீதிப் பேருக்கு அதேபோன்ற போலி மாத்திரை என 12 வாரம் கொடுத்தார்கள். 2001இல் முடிவு வந்தது. தொல்லை குறைந்தது என்றவர்கள், ஜிங்கோ குழுவில் 360 பேரில் 34 பேர். போலிக் குழுவில் 360 பேரில் 35 பேர்.

காந்தத் துடிப்புகளின் கதை இன்னும் சுவாரசியம். தலைக்கு வெளியே ஒரு சுருளை வைத்து, மூளையின் கேட்கும் பகுதிக்குத் துடிப்புகளை அனுப்பும் முறை. போலிக் குழுவுக்கும் அதே போன்ற சுருள், அதே டக்டக் சத்தம். துடிப்பு மட்டும் இல்லை. 2015இல் அமெரிக்காவில் 64 பேரிடம் செய்த ஆய்வில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 56 விழுக்காட்டினரும் போலி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினரும் பலனடைந்தார்கள். நம்பிக்கை பிறந்தது. 2017இல் ஜெர்மனியின் பல மருத்துவமனைகள் சேர்ந்து, இருமடங்குக்கும் அதிகமான நோயாளிகளிடம் பரிசோதித்து முடிவை வெளியிட்டன. போலிக்கும் உண்மைக்கும் வேறுபாடு இல்லை. செவிப்பறை வழியே ஊசியாகச் செலுத்தும் ஏ.எம்.101 என்ற மருந்தும் 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் மூன்றாம் கட்டச் சோதனைகளில் அடுத்தடுத்துத் தோற்றது.

இப்போது பலரும் பேசுவது இரட்டைத் தூண்டல் பற்றி, அதாவது ஒலியையும் மின்தூண்டலையும் சேர்த்துத் தருவது. பல்லைக் கடித்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ இரைச்சல் மாறுவதை நோயாளிகள் பலர் கவனித்திருப்பார்கள். மூளைத்தண்டில் செவி நரம்பு முதலில் வந்து சேரும் இடத்திலேயே முகம், கழுத்து ஆகியவற்றின் தொடு உணர்வு நரம்புகளும் வந்து கலப்பதே காரணம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் குழு கினிப் பன்றிகளிடம் கண்டது இது: ஒலியையும் தோலில் மெல்லிய மின்தூண்டலையும் சில மில்லி விநாடி இடைவெளியில் கொடுத்தால் அங்குள்ள செல்களின் தறிகெட்ட துடிப்பு கூடவோ குறையவோ செய்கிறது. எது முன், எது பின், எவ்வளவு இடைவெளி என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

கினிப் பன்றிக்கு இரைச்சல் கேட்கிறது என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? தொடர்ந்து ஒலிக்கும் இரைச்சலில் ஒரு நொடிக்கும் குறைவான மௌனம் விட்டு, உடனே படாரென்று ஒரு சத்தம் எழுப்புவார்கள். மௌனம் முன்னெச்சரிக்கை ஆகிவிடுவதால் நல்ல காதுள்ள விலங்கு குறைவாகவே துள்ளும். உள்ளே ரீங்காரம் இருக்கும் விலங்குக்கு அந்த மௌனம் தெரியாது, நன்றாகத் துள்ளிவிடும். அழகான யோசனை. ஆனால் மனிதர்களிடம் செய்து பார்த்தபோது, இரைச்சல் உள்ளவர்களும் மௌனத்தைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். எனவே அந்தச் சோதனை விலங்கில் எதை அளக்கிறது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஷோர் குழு மனிதர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2023இல் வந்தது. தாடை, கழுத்து அசைவால் இரைச்சல் மாறுகிற 99 பேர். வீட்டிலேயே நாளுக்கு அரை மணி நேரம். ஆறு வாரம் ஒரு சிகிச்சை, ஆறு வாரம் இடைவெளி, பிறகு ஆறு வாரம் மற்றது. ஒப்பீட்டுச் சிகிச்சையில் ஒலி மட்டும். ஒலியும் மின்தூண்டலும் சேர்ந்தபோது பலன் தெளிவாகக் கூடியது. அயர்லாந்தின் லெனைர் கருவி நாக்கில் மின்தூண்டல் தருகிறது. 112 பேரிடம் நடந்த சோதனையில், மிதமான அல்லது அதற்கும் மேலான பாதிப்பு உள்ளவர்களில் ஒலி மட்டும் கேட்ட ஆறு வாரத்தில் 43.2 விழுக்காட்டினரும், நாக்குத் தூண்டலும் சேர்ந்த அடுத்த ஆறு வாரத்தில் 58.6 விழுக்காட்டினரும் ஏழு புள்ளி இறங்கினார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்க அரசு அந்தக் கருவிக்கு ஒப்புதல் தந்தது. தனியாக ஒரு போலிக் குழு அதில் இல்லை என்பது என் மனத்தை உறுத்துகிறது.

இத்தனைக்கும் நடுவே வலுவான சான்று உள்ள சிகிச்சை எது என்றால், இரைச்சலைத் தொடாத ஒன்று. அறிதல் நடத்தைச் சிகிச்சை, அதாவது இரைச்சல் குறித்த அச்சத்தையும் அதையே கவனிக்கும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் பயிற்சி. 28 ஆய்வுகளில் 2,733 பேரின் தரவை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2020இல் அலசியபோது, வாழ்க்கையில் ஏற்படும் தொல்லை குறைவது தெரிந்தது. "அப்படியானால் ஒலி போகாதா?" என்று நோயாளிகள் ஏமாற்றத்தோடு கேட்பது நியாயமே. போகாது. முதல் பத்தியில் சொன்ன அந்த அறைக்குத் திரும்பிப் போனால், ஹெட்போனில் பொருத்திப் பார்க்கும் டெசிபல் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் மனிதர் தூங்குகிறார்.

ஒரே ஒரு வகை மட்டும் இந்தத் தலைவலி எதிலும் சேராது. சிலருக்கு இரைச்சல் நாடித் துடிப்போடு சேர்ந்து உஸ், உஸ் என்று வரும். காதை ஒட்டி ஓடும் ரத்தக் குழாயில் சுருக்கமோ வேறு கோளாறோ இருந்தால் இப்படி ஆகும். இது வந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. சிலருக்குக் கழுத்தில் உள்ள ரத்தக் குழாயை லேசாக அழுத்தினால் சட்டென்று நிற்கும். விட்டால் மீண்டும் வரும். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதின் பின்னால் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். சில நேரம், அவருக்கும் கேட்கும்.