பருவநிலை இல்லை, காலநிலை

போன வாரம் கடலூர் முதுநகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானிலை பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். கையில் கொடுத்திருந்த தாளில் ‘கிளைமேட் சேஞ்ச்’ என்பதற்கு ஏழெட்டு இடத்தில் ‘பருவநிலை மாற்றம்’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “பருவநிலை மாறினா காய்ச்சல் வரும், மழை முடிஞ்சா சரியாயிடும், இதுக்கு எதுக்கு சார் உலகம் பூரா மாநாடு போடுறாங்க?” என்று கேட்டாள். அவள்மேல் தப்பே இல்லை. ஐப்பசி பிறந்தால் ‘பருவநிலை மாற்றத்தால் சளி, இருமல்’ என்று எழுதுகிறார்கள், துருவப் பனி உருகுவதற்கும் அதே பருவநிலை மாற்றம்தான் காரணம் என்றும் எழுதுகிறார்கள். பிள்ளை வேறு எப்படிப் புரிந்துகொள்ளும்?

இன்றைக்கு வெயிலா, மழையா, காற்று எந்தப் பக்கம் என்பது வானிலை. அந்த வானிலையைப் பல ஆண்டுகள் அளந்து, வழக்கமாக 30 ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் ஓர் ஊருக்கு என்று தெரிகிற இயல்பு இருக்கிறதே, அதுதான் கிளைமேட். 2011 டிசம்பர் 30 அன்று நம் கரையைக் கடந்து பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்த ‘தானே’ புயல், வானிலை. கடலூருக்கு ஓர் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும் என்பது கிளைமேட்.

கிளைமேட் கிரேக்கத்திலிருந்து வந்த சொல், மூலம் ‘கிளிமா’, பொருள் சாய்வு. சூரியக் கதிர் எவ்வளவு சாய்ந்து விழுகிறது என்பதை வைத்துப் பூமியைப் பட்டை பட்டையாகப் பிரித்ததில் பிறந்தது, அவ்வளவுதான்.

தமிழில் இதற்குக் காலநிலை என்று நல்ல சொல் இருக்கிறது. நம் பள்ளிப் பாடநூலிலேயே ‘வானிலையும் காலநிலையும்’ என்று சேர்த்துத்தான் சொல்கிறோம், தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், வனத் துறையின் பெயரிலும் 2021 முதல் காலநிலை மாற்றம் என்றே இருக்கிறது. பிறகு எதற்குப் பருவநிலை?

பருவம் என்றால் வந்து போவது. ‘பருவத்தே பயிர் செய்’ என்று ஆத்திசூடியில் படித்தோம். பால் பிடிக்கும் பருவம், பூக்கும் பருவம் என்கிறோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் ஆறும் பருவங்கள். பருவம் மாறத்தான் வேண்டும், மாறாவிட்டால்தான் உழவர் பயப்படுவார். அப்படிப்பட்ட சொல்லோடு ‘மாற்றம்’ சேர்த்தால் அபாயம் எங்கே தெரிகிறது? பருவமழை தவறுவதும் இதில் அடக்கம்தானே, அதனால் பருவநிலை பொருந்தும் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வாதாடினார். பருவமழை அதில் ஒரு பகுதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2024-இல் உலகச் சராசரி வெப்பநிலை 1850–1900 காலத்தைவிட ஏறத்தாழ 1.5 டிகிரி கூடியிருந்ததே, கடல் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கிறதே, இதெல்லாம் எந்தப் பருவத்தில் சேர்த்தி? அடுத்த பருவத்தில் இறங்கிவிடுமா?

காலம் என்பதும் மழைக்காலம், பனிக்காலம் என்று பருவத்தைக் குறிக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ‘அந்தக் காலத்தில்’ என்கிறோமே, அந்த நெடிய பொருளும் காலத்துக்கு உண்டு, பருவத்துக்குக் கிடையாது. இலங்கையில் ‘சீரற்ற காலநிலை’ என்று வானிலைக்கே எழுதுவார்கள், அது அவர்கள் வழக்கு. இங்கே அதற்கு வானிலை என்ற சொல் ஊன்றிவிட்டதால் குழப்பம் இல்லை.

கிளைமேட்டுக்கு எழுதுகிற இன்னொரு சொல் தட்பவெப்பநிலை. தட்பம் குளிர்ச்சி, வெப்பம் சூடு. மழை எங்கே, காற்று எங்கே? 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை வாங்கிய புதுச்சேரிக்காரரிடம் போய்த் தட்பவெப்பம் என்று சொல்லிப் பாருங்கள்.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், அந்த ஒரே தாளில் முதல் பத்தியில் பருவநிலை, மூன்றாவதில் தட்பவெப்பநிலை, கடைசியில் காலநிலை. மூன்றும் ஒன்று என்று எங்கேயும் சொல்லவில்லை. மொழிபெயர்த்தவர் ஒரு தரம் வாய்விட்டுப் படித்திருந்தாலே பிடிபட்டிருக்கும். புதிதாகப் படிக்க வருகிற பிள்ளை இவற்றை மூன்று பாடமாக மனப்பாடம் செய்கிறது.

வரும் சனிக்கிழமை புதுச்சேரியில் இதே வகுப்பு. தாளைத் திருத்தி அச்சடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குள் முடியாது என்றால் நாற்பது தாளிலும் பேனாவால் அடித்து, காலநிலை என்று எழுதித்தான் கொடுக்கப் போகிறேன்.