‘அனுப்பியாச்சு’ என்றால் எந்த நம்பரில் என்று கேளுங்கள்

கொழும்பில் ஏதாவதொரு கூரியர் கவுண்டரில் அரை நாள் நின்றால் போதும், ஒரே உரையாடல் பத்துத் தடவை காதில் விழும். “அண்ணா, என்ட பார்சல் எங்க நிக்குது?” “ட்ராக்கிங் நம்பரைச் சொல்லுங்கோ.” உடனே ஒரு ஸ்கிரீன்ஷொட் நீட்டப்படும். அதில் இருப்பது பெரும்பாலும் ஓடர் நம்பர். இல்லாவிட்டால் காசு கட்டியதற்கு வங்கி அனுப்பிய ரெஃபரன்ஸ் நம்பர். கவுண்டரில் இருப்பவர் கையை விரிப்பார், வந்தவர் கோபத்தோடு திரும்பிப் போவார்.

ஓடர் நம்பர் உங்களுக்கும் கடைக்கும் இடையிலான கணக்கு. ட்ராக்கிங் நம்பர் பொதியின் மேல் ஒட்டிய லேபிளுக்குச் சொந்தமானது. பொதியைச் சுமக்கிற நிறுவனத்துக்கு இரண்டாவதுதான் தெரியும். உள்நாட்டுக் கூரியர்களில் இதற்கு வேபில் நம்பர் என்று பெயர். டொமெக்ஸ், ப்ரொன்டோ, கூம்பியோ என்று எதில் வந்தாலும் அந்தந்த நிறுவனத்தின் இணையத்தளத்திலோ செயலியிலோதான் அந்த நம்பர் வேலை செய்யும். ஒன்றின் நம்பரை இன்னொன்றின் பக்கத்தில் போட்டுவிட்டு ‘பொய் நம்பர் தந்துவிட்டான்’ என்று விற்றவரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். எந்தக் கூரியர் என்ற பெயரையும் நம்பரோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

நம்பர் எங்கே இருக்கும்? டராஸ் போன்ற செயலிகளில் ஓடரைத் திறந்து உள்ளே போனால், பொதியின் நிலை காட்டும் பக்கத்தில் இருக்கும். மூன்று கடைகளில் இருந்து மூன்று சாமான் ஒரே ஓடரில் போட்டிருந்தால் மூன்று பொதிகள் வரும், நம்பரும் மூன்று. ஒன்று வந்ததும் ‘மற்ற இரண்டும் காணோம்’ என்று பதற வேண்டியதில்லை. அலிஎக்ஸ்பிரஸ், ஈபே என்றால் ஓடர் விபரத்திலும் மின்னஞ்சலிலும் வரும். ஜிமெயிலில் அது ப்ரமோஷன்ஸ் பகுதிக்கோ ஸ்பாமுக்கோ போயிருக்கலாம். கடையின் பெயரைப் போட்டுத் தேடினால் அகப்படும்.

பேஸ்புக், இன்ஸ்டகிராமில் விற்கிறவர்களிடம் வாங்கும்போது நம்பரைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லாதீர்கள். பொதியில் ஒட்டிய வேபில் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் சின்னக் கடதாசியில் நம்பரோடு உங்கள் பெயர், போன் நம்பர், போக வேண்டிய நகரம், டெலிவரியின்போது கட்ட வேண்டிய தொகை எல்லாம் இருக்கும். 3,450 ரூபாய்க்குப் பேசியது 3,950 என்று அடிபட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். வெள்ளவத்தைக்குப் போக வேண்டியது வத்தளை என்று பதிந்திருந்தால் அதுவும் தெரியும். ரைடர் வாசலில் நிற்கும்போது தொகையைப் பற்றி வாதாடிப் பயனில்லை. அவருக்குத் திரையில் காட்டுவதைத்தான் அவர் வாங்குவார்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வருபவற்றின் நம்பரைப் பார்த்தவுடனே பாதி விஷயம் சொல்லிவிடலாம். உலகத் தபால் ஒன்றியத்தின் எஸ்10 என்ற தரத்தின்படி அது 13 எழுத்தெண்கள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. சிஎன் என்றால் சீனா, எஸ்ஜி சிங்கப்பூர், எல்கே இலங்கை. முதல் எழுத்து சேவையைச் சொல்லும். ஆர் என்றால் பதிவுத்தபால், ஈ என்றால் ஈஎம்எஸ் விரைவுச் சேவை, சி என்றால் பார்சல். யூ என்று தொடங்கினால்தான் கவனம் வேண்டும். அது வழிநெடுகப் பதிவு செய்யப்படாத மலிவுச் சேவை. அனுப்பிய நாட்டை விட்டு வெளிக்கிட்டதோடு பதிவு நின்றுபோவது அதில் வழமை. பொதி தொலைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. தொலையவில்லை என்று சொல்லவும் வழியில்லை. விலை கூடிய பொருளை இந்தச் சேவையில் எடுப்பிக்காதீர்கள்.

நடுவிலுள்ள 9 இலக்கத்தில் ஒன்பதாவது சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, வரும் மீதியை 11 இலிருந்து கழிக்க வேண்டும். 12345678 என்ற எட்டுக்குக் கூட்டுத்தொகை 204. 11 ஆல் வகுத்தால் மீதி 6. 11 இல் 6 போனால் 5. ஆகவே முழு நம்பர் 123456785. கழித்து வருவது 10 என்றால் 0 போடுவார்கள், 11 என்றால் 5. இதில் 3 உம் 4 உம் இடம் மாறி 12435678 என்று எழுதப்பட்டால் கூட்டுத்தொகை 206 ஆகிவிடும், கடைசி இலக்கம் 3 ஆக இருக்க வேண்டும். 5 இருப்பதால் பிழை பிடிபடும். ‘நம்பர் கிடைக்கவில்லை’ என்று தளம் சொல்லும்போது ஒரு கடதாசியில் இதைப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. கணக்கு ஒத்துவராவிட்டால் எழுதியதில் பிழை. ஒத்துவந்தால் அமைப்பு சரி என்று மட்டும் பொருள். பொதி உண்மையில் இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. இன்னொன்று: நடுவில் எழுத்துக்கு இடமே கிடையாது. ஆங்கில ‘ஓ’ போலத் தெரிவது பூச்சியம்தான்.

டிஎச்எல் எக்ஸ்பிரஸ் நம்பர் பொதுவாக 10 இலக்கம், ஃபெடெக்ஸ் 12 இலக்கம், யூபிஎஸ் என்றால் ‘1இசட்’ என்று தொடங்கி மொத்தம் 18. சீனாவிலிருந்து வருபவை சில, எல்பி என்று தொடங்கும் ஒரு நம்பரோடு புறப்பட்டு, இங்கே உள்ளூர்க் கூரியரின் கைக்கு மாறியதும் வேறு நம்பர் எடுத்துக்கொள்ளும். பழைய நம்பர் அசையாமல் நிற்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பொதி பம்பலப்பிட்டியில் சுற்றிக்கொண்டிருக்கும். 17ட்ராக் போன்ற பொதுத் தளங்கள் சில வேளை இரண்டையும் இணைத்துக் காட்டும்.

நம்பர் கையில் வந்தபின் திரையில் வருவதை வாசிக்கத் தெரிய வேண்டும். ட்ராக்கிங் என்பது பிக்மி செயலியில் கூப்பிட்ட ஓட்டோவை வரைபடத்தில் பார்ப்பது போன்றதல்ல. யாரோ ஓர் ஊழியர் பார்கோடில் ஸ்கேனரைக் காட்டிய கணம் மட்டுமே பதிவாகும். இரண்டு ஸ்கேனுக்கு இடையில் பொதி லொறியிலா, சாக்கிலா, மேசைக்கு அடியிலா என்று எந்தக் கணினிக்கும் தெரியாது.

‘லேபிள் உருவாக்கப்பட்டது’, ‘தகவல் பெறப்பட்டது’ என்ற நிலைகள்தான் ஆட்களை அதிகம் ஏமாற்றுபவை. விற்பவர் கணினியில் லேபிள் அடித்திருக்கிறார், அவ்வளவே. சாமான் இன்னும் அவரது வீட்டு அலுமாரியில் இருக்கலாம். ‘பிக்கப் ஆனது’ அல்லது ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி விழும்வரை அனுப்பியாச்சு என்ற பேச்சை நம்ப வேண்டாம். கொழும்புக்குள் முதல் ஸ்கேன் விழுந்தபின் 1 முதல் 3 வேலைநாளில் வந்துவிட வேண்டும். வேலைநாள் என்று எண்ணும்போது ஞாயிறையும் போயா தினத்தையும் கழித்துவிடுங்கள். 11.11 விற்பனை, நத்தார், புத்தாண்டுக் காலங்களில் இன்னும் இரண்டு மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

சர்வதேசப் பொதிகளில் நேரம் குழப்பும். ஒவ்வொரு பதிவும் அந்தந்த இடத்து நேரத்தில் இருக்கும். சீன நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. விமானம் நம்ப முடியாத வேகத்தில் கட்டுநாயக்கவுக்கு வந்ததுபோலத் தோன்றினால் அதுதான் காரணம். ‘அனுப்பும் பரிமாற்று அலுவலகத்தை விட்டு நீங்கியது’ என்பது அந்த நாட்டு எல்லையில் விழும் கடைசி ஸ்கேன். அதன்பின் ஒரு வாரம், இரண்டு வாரம் மௌனம் இருந்தால் அது இயல்பு. இங்கே டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள மத்திய தபால் பரிவர்த்தனை நிலையத்தில் சாக்குப் பிரித்து ஸ்கேன் பண்ணும்போதுதான் அடுத்த வரி வரும்.

‘சுங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று பார்த்ததும் பறிமுதல் என்று நினைக்காதீர்கள். எல்லாப் பொதிகளும் அந்தப் படியைத் தாண்டித்தான் வரும். அங்கேயே பல நாள் நின்றால் விலைச்சிட்டை, அடையாள அட்டை, அனுமதிக் கடிதம் ஆகியவற்றில் ஏதாவது தேவைப்பட்டிருக்கும். கைத்தொலைபேசி, வயர்லஸ் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியும், மருந்து வகைகளுக்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குறுத்தல் அதிகார சபையின் அனுமதியும் கேட்கப்படும். பவர் பேங்க் ஓடர் பண்ணியவர்களுக்குத் தனிக் கவலை: தனியாக வரும் லித்தியம் பற்றரியை வான்வழித் தபாலில் ஏற்ற மாட்டார்கள். பாதுகாப்புச் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்டதாகக் காட்டினால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். காசைத் திருப்பிக் கேளுங்கள்.

‘முயற்சித்தோம், வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை’ என்ற வரி கொழும்பில் அடிக்கடி விழும். சில நேரம் ரைடர் கோல் எடுத்திருக்கவே மாட்டார். அப்படியென்றால் அந்த நாளின் கோல் பட்டியலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து முறையிடுங்கள். ஆனால் பாதிக்கு மேல் நமது பக்கப் பிழை. தெரியாத நம்பர் என்று ட்ரூகோலர் செயலி ரைடரின் அழைப்பைத் தடுத்துவிடும். வெளிநாட்டுத் தளத்தில் +94 போட்டபின் பூச்சியத்தையும் விடாமல் எழுதியிருப்போம். விலாசத்தில் 45/3 என்று போட்டதைச் சில படிவங்கள் சரிவுக்கோட்டை விழுங்கி 453 ஆக்கிவிடும்; ஜம்பட்டா வீதியில் 453 ஐத் தேடி ரைடர் அலைவார். ‘45 - 3’ என்று இடைவெளி விட்டு எழுதுவது நல்லது. அடுக்குமாடி என்றால் மாடி எண்ணும் வீட்டு எண்ணும் வேறு வேறாக வேண்டும். தபால் குறியீட்டையும் விட்டுவிடாதீர்கள்: கொழும்பு 6 க்கு 00600, கொழும்பு 13 க்கு 01300.

திரையில் ‘டெலிவரி ஆனது’, கையில் ஒன்றுமில்லை. முதலில் காவலாளியிடமும் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். பிறகு அன்றைக்கே கூரியருக்கு எடுத்து டெலிவரி அத்தாட்சி கேளுங்கள்: யார் கையெழுத்து, எத்தனை மணி, படம் உண்டா? வெளிநாட்டுக் கடை என்றால் இன்னொரு தந்திரமும் உண்டு. மோசடிக்காரர் அதே நகரத்தில் வேறு யாருக்கோ போன உண்மையான நம்பரை உங்களுக்குத் தந்துவிடுவார். முதல் ஸ்கேன் விழுந்த திகதி நீங்கள் ஓடர் போட்ட திகதிக்கு முந்தியதா, நிறை பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு கிலோ சப்பாத்து 20 கிராம் என்று காட்டினால் அது சப்பாத்தல்ல. ஈபேயில் வந்துசேர வேண்டிய கடைசித் திகதியிலிருந்து 30 நாளுக்குள்ளும், பேபாலில் காசு கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள்ளும் முறைப்பாடு போட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ என்று விற்பவர் இழுப்பது இந்தக் கெடு முடியத்தான்.

இனி, நீங்கள் தேடாமலே வந்துசேரும் ட்ராக்கிங் செய்தி. ‘உங்கள் பொதி விலாசப் பிழையால் நிறுத்தப்பட்டுள்ளது, சிறு கட்டணம் செலுத்துங்கள்’ என்று தபால் திணைக்களத்தின் பெயரில் குறுஞ்செய்தி வரும். தொகை சின்னதாகத்தான் இருக்கும், அவர்களுக்கு வேண்டியது உங்கள் கார்ட் விபரமும் ஓடிபியும். இணைப்பை அழுத்தாமல் வாசியுங்கள். தொடக்கத்திலுள்ள ‘https://’ ஐ விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சரிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் உள்ள துண்டுதான் தளத்தின் உண்மையான சொந்தக்காரரைக் காட்டும். தபால் திணைக்களத்தின் தளம் எஸ்எல்போஸ்ட் டொட் கவ் டொட் எல்கே. ‘எஸ்எல்போஸ்ட்’ என்று தொடங்கி வேறெதிலோ முடிந்தால் அது தபால் கந்தோர் அல்ல. செய்தியில் நம்பரே இல்லையென்றால் அதை அழித்துவிடுங்கள். இருந்தால் திணைக்களத்தின் தளத்தை நீங்களே திறந்து போட்டுப் பாருங்கள். கார்ட் விபரம் கொடுத்துவிட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு, கார்டை நிறுத்த. அடுத்தது இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு, தொலைபேசி 101.

ஓடர் போடாத பொதிக்கு வாசலில் காசு கேட்டாலும் இதே நிதானம் வேண்டும். பகலில் வீட்டில் அம்மம்மா மட்டும் இருப்பார், ‘பேரன் எடுப்பித்திருப்பான்’ என்று 2,500 ரூபாயைக் கொடுத்துவிடுவார். வரவேண்டிய பொதிகளின் வேபில் நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தையும் தொகையையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவிட்டு வேலைக்குப் போங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். சில சேவைகள் போனுக்கு ஒரு குறியெண் அனுப்பும்; பொதி கைக்கு வந்தபின்தான் ரைடருக்கு அதைச் சொல்ல வேண்டும். விற்பவர் காசும் வாங்கி, பொருளும் தராமல், பதிலும் சொல்லாமல் விட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். வேபில் படம், பணம் கட்டிய சிட்டை, பேசிய வட்ஸ்அப் செய்திகள் ஆகிய மூன்றும் அப்போது கையில் இருக்க வேண்டும்.

பெட்டியைக் குப்பையில் போடுமுன் ஸ்டிக்கரை உரித்துக் கிழியுங்கள். பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. உரிக்க வராவிட்டால் ஸ்டிக்கரின் மேல் ஒரு துணியைப் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துங்கள்; வெப்பத்தால் அச்சாகும் கடதாசி என்பதால் முழுதும் கறுத்துவிடும்.