பெயர் தெரிகிறது, இணைய முடியவில்லை: ஆக்சஸ் பாயின்ட்டில் மேக் முகவரியை மாற்றும் முன்

வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டின் (போன்கள் இணையும் வைஃபை கருவி) மேக் முகவரியை (நெட்வொர்க் கருவியின் 6 பைட் அடையாள எண்) நம் விருப்பப்படி மாற்றிய பிறகு வரும் புகார்களில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. போனில் நெட்வொர்க் பெயர் தெரிகிறது, சிக்னலும் நன்றாக இருக்கிறது, ஆனால் இணையப் போனால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு நின்றுவிடுகிறது. ஆக்சஸ் பாயின்ட்டாக ஓடும் லினக்ஸ் கணினியில் 'ஐபி லிங்க்' கட்டளை புது முகவரியைத்தான் காட்டுகிறது. உடனே பாஸ்வேர்டையும் சேனலையும் மாற்றிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதில் நேரத்தைக் கரைக்காதீர்கள்.

அந்தக் கட்டளை காட்டுவது கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) நினைவில் வைத்திருக்கும் முகவரி. ரேடியோ சிப்புக்குள் தனியாக ஒரு ரெஜிஸ்டர் (சிறு நினைவிடம்) இருக்கிறது. தனக்கு வந்த ஃப்ரேம் (காற்றில் போகும் தரவுத் துண்டு) எது என்பதை சிப் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) புது முகவரியை அங்கே எழுதாமல் விட்டால் இரண்டும் வெவ்வேறாகிவிடும். பீக்கனில் (நெட்வொர்க் பெயரை அறிவிக்கும் ஃப்ரேம்) போகும் முகவரியை மென்பொருளே நிரப்பிவிடுவதால் பெயர் பளிச்சென்று தெரியும். ஆனால் கிளையன்ட் (இணைய வரும் போன்) நேரடியாக அனுப்பும் அங்கீகார ஃப்ரேமுக்கு 'கிடைத்தது' என்று சொல்லும் ஏற்பு ஃப்ரேம் திரும்பிப் போக வேண்டும். அதற்கான இடைவெளி 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 மைக்ரோவினாடி, 5 கிகாஹெர்ட்ஸில் 16. அந்த நேரத்துக்குள் டிரைவரால் எதுவும் செய்ய முடியாது, சிப்தான் பதில் சொல்லியாக வேண்டும். ரெஜிஸ்டரில் பழைய முகவரி இருந்தால் 'எனக்கு வந்தது இல்லை' என்று சும்மா இருந்துவிடும்.

இதை உறுதிப்படுத்த வேறொரு வைஃபை அடாப்டரை மானிட்டர் முறையில் (காற்றில் போகும் ஃப்ரேம்களையெல்லாம் கேட்கும் நிலை), அதே சேனலில் வையுங்கள். ஆக்சஸ் பாயின்ட்டின் ரேடியோவிலேயே மானிட்டரையும் ஓட்டினால் ஃப்ரேம் வடிகட்டல் மாறிப்போய்க் குழப்பும். கிளையன்ட்டின் அங்கீகார ஃப்ரேம் ஒரே வரிசை எண்ணுடன், மறுமுயற்சி பிட் 1 ஆகி, அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். அதன் பின்னால் வர வேண்டிய 14 பைட் ஏற்பு ஃப்ரேம் ஒருமுறைகூட வராது. இது தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது முகவரி சிப்பில் இறங்கியதா என்பதைத்தான்.

அடுத்த சிக்கல் ஒரே ரேடியோவில் பல நெட்வொர்க் நடத்தும்போது வரும். ஏத்9கே டிரைவர் இயக்கும் சிப்கள் போன்றவற்றில் ஒரு முகவரியும் ஒரு மாஸ்க்கும்தான் உண்டு. எந்தெந்த பிட்களைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மாஸ்க் சொல்லும். 02:11:22:33:44:10 என்று தொடங்கி 10, 11, 12, 13 என நான்கு முகவரி வைத்தால் கடைசி 2 பிட் மட்டும் தளர்கிறது. அதையே 17, 18, 19 என்று வைத்துப் பாருங்கள். மூன்றே முகவரிதான், ஆனால் பதினாறடிமான எண்ணில் 17-இலிருந்து 18-க்குப் போகும்போது கடைசி 4 பிட்டும் மாறிவிடுகிறது. 17 அந்த மாஸ்க்குக்குள் வரும் முகவரித் தொகுதியின் முதல் முகவரி இல்லை என்பதால், மற்ற நெட்வொர்க்குகளுக்குத் தனித்தனியாக பிஎஸ்எஸ்ஐடி (அந்தந்த நெட்வொர்க்கின் மேக் முகவரி) கொடுக்காதபோது ஹோஸ்ட்ஏபிடி (லினக்ஸில் ஆக்சஸ் பாயின்ட்டை நடத்தும் மென்பொருள்) தொடங்கவே மறுக்கும். மாஸ்க் அகலமாக அகலமாக இன்னொரு தொல்லையும் வரும்: அந்த வரம்புக்குள் வேறொரு கருவியின் முகவரி இருந்தால், அதற்கு வந்த ஃப்ரேமுக்கும் நம் சிப் ஏற்பு அனுப்பிவிடும். ஆகவே கடைசி பைட்டில் மட்டும், தொகுதியின் தொடக்கத்திலிருந்து வரிசையாக வையுங்கள்.

முதல் பைட்டிலும் கவனம் வேண்டும். அதன் கடைசி பிட் 1 என்றால் அது மல்டிகாஸ்ட் முகவரி, கெர்னல் ஏற்காது. அதற்கு முந்தைய பிட் 1 என்றால் உள்ளூரில் நாமே வைத்த முகவரி என்று அர்த்தம். 02, 06 என்று தொடங்குவதே பாதுகாப்பு. ஏதோ நிறுவனத்தின் முன்னொட்டை எடுத்து ஒட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். நாளைக்கு அதே முகவரியுடன் அந்த நிறுவனத்தின் உண்மையான கருவியே நெட்வொர்க்கில் வந்து நிற்கலாம்.

'பாஸ்வேர்ட் தவறு' என்று வந்தாலும் முகவரியைச் சந்தேகியுங்கள். டபிள்யூபிஏ2 கைகுலுக்கலில் குறியாக்கச் சாவி உருவாவதில் இரு பக்கத்து மேக் முகவரிகளும் சேர்கின்றன. ஹோஸ்ட்ஏபிடி ஒரு முகவரியை வைத்துக் கணக்கிட, காற்றில் வேறு முகவரி போனால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் சரிபார்ப்பு தோற்கும்.

மாற்றும் முறை எளிதுதான்: இடைமுகத்தை நிறுத்தி, முகவரியை மாற்றி, மறுபடி எழுப்பி, அதன் பிறகு ஹோஸ்ட்ஏபிடியைத் தொடங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் பல டிரைவர்கள் 'பிஸி' என்று திருப்பிவிடும். அப்புறம், மாற்றியது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பினால் நெட்வொர்க்மேனேஜர் (இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் சேவை) அல்லது யூடெவ் (கருவிகளை அமைக்கும் சேவை) விதி இடையில் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் வேறு முகவரி வந்தால், ஈஈப்ராமிலோ ஃபிளாஷிலோ (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகங்கள்) உள்ள முகவரி செல்லாமல் போய், டிரைவர் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது என்று சந்தேகிக்கலாம். பூட் நேரத்துக் கெர்னல் லாகை முதல் வரியிலிருந்து படியுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.